உப்பை வென்ற சுவாமி

உலகத்தில் எத்தனையோ பேர் எதையெதையோ வென்றிருக்கிறார்கள். ஆசையை வென்றவர்கள் உண்டு. கோபத்தை வென்றவர்கள் உண்டு. ஆனால் சமையலறை அலமாரியில் யார் வம்புக்கும் போகாமல் உட்கார்ந்திருந்த உப்பை வென்ற ஒரே மகான் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரமாக, கொட்டகை போட்டு எழுந்தருளியிருந்தார். திருநாமம் லவணஜித் சுவாமிகள். லவணம் என்றால் உப்பு, ஜித் என்றால் வென்றவர் என்று வாசலிலேயே எழுதி வைத்திருந்தார்கள். அர்த்தம் தெரியாமல் யாரும் கும்பிட்டுவிடக் கூடாது அல்லவா?

பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம் பெருகியது. மலையைச் சுற்ற வந்தவர்கள் பாதியில் செருப்பைக் கழற்றிவிட்டு சுவாமியைச் சுற்றினார்கள். கொட்டகை முகப்பில் ஆள் உயரத்துக்கு ஒரு பேனர். இடது பக்கம் நூறு கிராம் காய்ந்த மலைப் பச்சிலை, வலது பக்கம் நூறு கிராம் சாப்பாட்டு உப்பு. சுண்ணாம்புச் சத்து பச்சிலையில் தொண்ணூறு மடங்கு ஜாஸ்தி. இரும்புச் சத்து இருநூற்று எழுபது மடங்கு ஜாஸ்தி. புரதம், நார்ச்சத்து, வைட்டமின் எல்லாவற்றிலும் உப்பின் பக்கம் வெறும் பூஜ்யம். பூஜ்யத்துக்குக் கீழே பூஜ்யமாக இறங்கிக்கொண்டே போன அந்தப் பட்டியலைப் பார்த்து ஜனங்கள் விக்கித்துப் போனார்கள்.

"அடப்பாவி உப்பே! இத்தினி நாளா உன்னையா துன்னுகினு இருந்தோம்?" என்று ஒருவர் வாய்விட்டே கேட்டார். ஏதோ உப்பு வந்து, தன்னிடம் புரதம் இருக்கிறது என்று அவரிடம் சத்தியம் செய்திருந்த மாதிரி.

பேனரைத் தாண்டினால் மேடை. மேடைமேல் இரண்டு கண்ணாடி டம்ளர்கள், இரண்டிலும் மலைச் சுனைத் தீர்த்தம். பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் மேல் ஒரு சிவப்பு விளக்கு, அதிலிருந்து இரண்டு டம்ளருக்கும் தொங்கும் உலோகக் கம்பிகள். சுவாமி ஒரு டம்ளரில் ஒரு ஸ்பூன் உப்பைப் போடுவார். இன்னொன்றில் காய்ந்த பச்சிலை நாலைந்து மிதக்கவிடுவார். ஸ்விட்சைத் தட்டியதும் உப்பு டம்ளருக்கு விளக்கு எரியும், தண்ணீர் நுரைக்கும், ஒரே நிமிஷத்தில் சாக்கடை நிறத்தில் குழம்பிப்போகும். பச்சிலை டம்ளர் பளிங்கு மாதிரி அப்படியே நிற்கும்.

"இதுதான் உன் ரத்தம்!" என்று சுவாமி சாக்கடையைக் காட்டுவார். "இதுதான் என் அருள்!" என்று பளிங்கைக் காட்டுவார். அப்புறம் பச்சை நிறப் பாக்கெட்டில் மலைத்தூள் விநியோகம். வீட்டில் உப்பே கூடாது. ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று ஸ்பூன் தூள், சோற்றிலும் குழம்பிலும் கலந்து. செங்கம் ரோட்டு விடுதியில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் இரண்டு வருஷத்துக்குச் சேர்த்து வாங்கிப் போனாள். ஏமாறுவதற்கு நம் ஊர்க்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன?

அந்த மேடையில் சுவாமிக்கு அடுத்த நாற்காலி பரசுராமனுடையது.

பரசுராமன் ஓய்வு பெற்ற சர்வேயர். வேங்கிக்கால் புது நகரில் சொந்த வீடு. முப்பத்திரண்டு வருஷம் சங்கிலி பிடித்து ஊர் நிலத்தையெல்லாம் அளந்தவர். வரப்பை ஒரு சாண் நகர்த்தி வைத்தால் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். அப்பேர்ப்பட்டவர் எப்படி இங்கே வந்து மாட்டினார் என்றால், காரணம் அவர் மனைவி எல்லம்மாள்.

எல்லம்மாளுக்குப் பிரஷர். "கிட்னி லேசா தொந்தரவு பண்ண ஆரம்பிச்சிருக்கு. உப்பைக் கம்மி பண்ணலேன்னா பின்னாடி ரொம்பக் கஷ்டப்படுவீங்க" என்று டாக்டர் சந்திரகலா கறாராகச் சொல்லிவிட்டார். பரசுராமன் நடுங்கிப்போனார். அவருக்குப் பெண்டாட்டி மேல் அவ்வளவு பிரியம்; அதை ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. டாக்டர் கம்மி பண்ணச் சொன்னார், சுவாமியோ அடியோடு ஒழிக்கச் சொன்னார். யார் பெரியவர்? ஒழிக்கச் சொன்னவர்தானே? வீட்டிலிருந்த உப்பையெல்லாம் அன்றைக்கே சாக்கடையில் கொட்டினார். உப்பு நிறைந்த பண்டம் என்பதால் பக்கத்து வீட்டு சுனந்தாவிடம் வாங்கிய எலுமிச்சை ஊறுகாய் ஜாடியையும் தூக்கிக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்தார்.

சுனந்தா வீட்டிலேயே ஊறுகாய் போட்டு விற்பவள். சமணக் குடும்பம். போளூர்ப் பக்கத்துக் கிராமத்தில் அவர்களுக்கு நிலமும் கோயிலும் உண்டு. பேச்சில் பயம் கிடையாது.

"இன்னாண்ணா, ஊறுகா கெட்டுப்போச்சா?"

"உப்பே கெட்டதும்மா. பேனர்ல போட்டிருக்குது, போய்ப் பாரு. பச்சிலைல இரும்புச் சத்து இருநூத்தி எழுவது மடங்கு ஜாஸ்தி!"

"உப்போட ஒப்பிட்டா செங்கல்லுல கூடத்தான் இரும்பு ஜாஸ்தி. அதுக்காகக் கொழம்புல செங்கல்லு போடுவீங்களா? சத்துக்காகவாண்ணா யாராவது உப்பு துன்றாங்க?"

பரசுராமன் முறைத்தார். அவள் விடவில்லை.

"காய்ஞ்ச எல நூறு கிராம்னா பெரிய சொம்பு நெறைய வரும். நீங்க போடறது மூணு ஸ்பூன். ஊரையே அளந்தவரு, இதை ஒரு வாட்டி வகுத்துப் பாக்கக் கூடாதா?"

"உன் வியாபாரம் படுத்துடுமேன்னு உனக்கு வயித்தெரிச்சல்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். நிலத்தைத் தவிர வேறெதையும் அளக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. அந்தத் தெருவில் இன்னும் ஏழெட்டுப் பேர் ஜாடியைத் திருப்பினார்கள்.

இரண்டு மாதம் ஓடியது. பரசுராமன் பௌர்ணமிதோறும் மேடையேறி, "நான் ஓய்வு பெற்ற சர்வேயர். எங்க வீட்டுக்குள்ள உப்பு நொழைஞ்சு முப்பது நாளாச்சு" என்றும், அடுத்த முறை அறுபது நாளாச்சு என்றும் சாட்சி சொன்னார். கைதட்டல் பலமாக இருந்தது. சர்வேயரே சொல்கிறார் என்றால் அளந்து பார்க்காமலா சொல்வார்?

இங்கே எல்லம்மாளுக்குக் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, எழும்ப நேரமானது. பிரஷர் நூற்று எண்பதைத் தொட்டது. டாக்டர் சந்திரகலா, "உப்பு ஜாஸ்தியா சேத்துக்கிறீங்களா?" என்று கேட்டார். "எங்க வீட்ல உப்பே இல்லீங்க டாக்டர்!" என்று பரசுராமன் மார்தட்டினார். டாக்டர் குழம்பிப்போய் மாத்திரையைக் கூட்டினார். சுவாமியோ கொஞ்சமும் குழம்பவில்லை. "நாற்பது வருஷ உப்பு, கால் வழியா எறங்குது. நல்ல சகுனம். நாலு ஸ்பூனாக்கு" என்றார்.

"எனக்கு இன்னாமோ சோறு கரிக்கிற மாதிரியே கீதுங்க" என்று எல்லம்மாள் ஒரு நாள் இழுத்தாள்.

"அது உப்பு இல்லடி. உன் நாக்குல ஊறிக்கெடந்த உப்போட ஆவி வெளிய போவுது. சுவாமி சொல்லலே?"

எல்லம்மாள் அடுத்த கவளத்தைப் பிசைந்தாள். இந்த உப்பு உயிரோடு இருந்த காலத்தைவிட, செத்து ஆவியான பிறகுதான் அதிகமாகக் கரித்தது.

வைகாசிப் பௌர்ணமிக்கு முந்தின நாள் சதுர்த்தசி. சுனந்தாவுக்கு அஷ்டமியும் சதுர்த்தசியும் உப்பில்லா நோன்பு. அந்த நாளில் உப்பில் கை வைப்பதோடு சரி, வாயில் வைக்க மாட்டாள். நோன்பினால் புண்ணியம் வருமா என்பது வேறு வழக்கு, அதை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் மாதம் நாலு நாள் உப்பில்லாமல் இருந்து பழகிய நாக்குக்கு, எது உப்பு, எது உப்பில்லை என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

எல்லம்மாளுக்கு நல்ல மனசு. ஊறுகாய் ஜாடியைத் திருப்பிக் கொடுத்ததிலிருந்து அவளுக்கு உறுத்தல். நோன்பு நாள் என்று தெரிந்ததும் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாள்.

"சுனந்தா, இன்னிக்கு எங்க வூட்லயே சாப்புடு. உனக்குன்னு தனியா ஆக்கிகினு இருக்க வேணாமே. எங்க வூட்ல உப்பே கெடையாது!"

ஊரில் வேறு எந்த வீட்டிலும் சதுர்த்தசிக்குச் சமணப் பெண்ணை இப்படி நம்பிக் கூப்பிட முடியாது. சுனந்தாவும் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். பரசுராமன் வெற்றிப் பெருமையோடு எதிரில் உட்கார்ந்தார். அவள் ஒரு கவளம் சாம்பார் சோற்றை வாயில் வைத்தாள். அடுத்த நொடி எழுந்து ஓடிப்போய்க் கொல்லைக் குழாயடியில் துப்பினாள்.

"அக்கா! என் நோன்பு போச்சு!"

"ஐயையோ, இன்னாடி ஆச்சு?"

"உப்பு! சாதா உப்பு இல்லக்கா, கல்யாணச் சாப்பாட்டுக்குப் போடற உப்பு!"

பரசுராமன் எகிறினார். "நாக்கை அடக்கிப் பேசு. அது மலைச் சுவை!"

சுனந்தா வாதாடவில்லை. பாக்கெட்டிலிருந்து மூன்று ஸ்பூன் தூளை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கினாள். அவர்கள் வீட்டில் குடிதண்ணீரை வடிகட்டாமல் குடிப்பதில்லை. அதற்கென்று நாலாக மடித்த துணி எப்போதும் இருக்கும். வீட்டுக்குப் போய் அதை எடுத்துவந்து வடிகட்டினாள். துணியில் பச்சையாக ஒரு சிட்டிகை இலைத்தூள் தங்கியது. மூன்று ஸ்பூன் போட்டதில் தேறியது அவ்வளவுதான். வடித்த நீரை ஒரு எவர்சில்வர் தட்டில் ஊற்றி மொட்டை மாடியில் வைத்தாள். வைகாசி வெயில் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. நாலு மணிக்கெல்லாம் தட்டில் தண்ணீர் இல்லை. லேசான பச்சை ஓடிய வெள்ளைப் பரல்கள், தட்டு முழுக்க.

"நாக்குல வெச்சுப் பாருங்கண்ணா."

வைத்தார். முகம் கோணியது. ஆனால் இரண்டு மேடைக் கைதட்டல் இன்னும் காதில் இருந்ததே.

"உப்போட ஆவி..." என்று தொடங்கினார்.

"ஆவி எங்கியாவது தட்டுல வந்து குந்துமா? சரி, உங்க வழிக்கே வரேன். நாளைக்கு சுவாமியோட டம்ளர்லயே இந்தத் தூளைப் போடுங்க. தண்ணி தெளிவா நின்னா நான் ஊறுகாக் கடையை மூடிட்டு நாலு ஸ்பூன் துன்றேன். கொழம்பிச்சுன்னா, அக்கா சோத்துல ஒரு சிட்டிகை கூட விழக் கூடாது."

"நானே என் கையால போடறேன், பாரு!" என்றார் பரசுராமன். நம்பிக்கை என்றால் அதுவல்லவா நம்பிக்கை! சுவாமிக்கே தன் தூள்மேல் அவ்வளவு நம்பிக்கை இருந்ததில்லை.

மறுநாள் மாலை கொட்டகையில் எள் போட இடமில்லை. எல்லம்மாளை ஆட்டோவில் கூட்டி வந்து முன்வரிசை நாற்காலியில் உட்காரவைத்திருந்தார் பரசுராமன். வீங்கிய காலுக்குச் செருப்பு நுழையாமல் வெறுங்காலோடு வந்திருந்தாள். பக்கத்தில் சுனந்தா.

உப்பு டம்ளர் வழக்கம்போல் சாக்கடையானது. பச்சிலை டம்ளர் வழக்கம்போல் பளிங்காக நின்றது. வழக்கம்போல் கைதட்டல். அப்போது பரசுராமன் மைக்கைப் பிடித்தார்.

"பக்தர்களே! எங்க தெருவுல ஊறுகா விக்கிற ஒரு அம்மா, சுவாமியோட தூள்ல உப்பு கலந்திருக்குதுன்னு சொல்றாங்க. அவங்க வாயை அடைக்க, இப்ப மூணாவதா ஒரு டம்ளர் வெச்சு, பாக்கெட் தூளை என் கையாலயே போடப் போறேன்!"

கூட்டம் ஆரவாரித்தது. சுவாமியின் முகத்தில் மட்டும் ஆரவாரம் இல்லை.

"பரசுராமா, சந்தேகிகளுக்குப் பரீட்சை காட்டுவது தூளுக்கு அவமானம். உட்கார்."

"அவமானத்தைத் தொடைக்கத்தான் சுவாமி! நீங்க கவலைப்படாதீங்க, நானாச்சு!"

சுவாமி அவர் வேட்டியைப் பிடித்து இழுப்பதற்குள் சுனைத் தீர்த்தம் ஊற்றியாயிற்று, ஒரு ஸ்பூன் தூள் போட்டாயிற்று, கம்பிகளை இறக்கி ஸ்விட்சையும் தட்டியாயிற்று.

சிவப்பு விளக்கு ஜகஜோதியாக எரிந்தது. டம்ளர் நுரைத்தது. பச்சைத் தண்ணீர் பழுப்பாகி, பழுப்பு கறுப்பாகி, உப்பு டம்ளருக்குத் தம்பி மாதிரி பக்கத்தில் நின்றது.

 பரசுராமன் பெட்டியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். கம்பியை ஆட்டிப் பார்த்தார். தண்ணீர் இன்னும் கறுத்தது.

"உப்பு வியாபாரியின் மூச்சுக்காற்று பட்டு தூள் கெட்டது!" என்று சுவாமி முழங்கினார். கூட்டத்தில் பாதித் தலைகள் உடனே ஆடின. ஆடிப் பழகிய தலைகள், பாவம்.

சுனந்தா முன்வரிசையிலிருந்தே குரல் கொடுத்தாள். "சரிங்க, என் மூச்சு படாத பாக்கெட்டா நீங்களே எடுத்து, நீங்களே பிரிச்சு, உங்க கையாலயே போடுங்க."

"போடுங்க சுவாமி!" என்றது கூட்டம். பக்தியோடுதான் சொன்னது. அந்தப் பக்திதான் அவரைத் தொலைத்தது. விரல் நுனியால் கொஞ்சூண்டு தூளை நாலாவது டம்ளரில் தூவினார். அதுவும் சாக்கடை.

"ஐயோ, அப்பன்னா தூளும் விஷமா?" என்று ஒருவர் அலறினார்.

"ரெண்டுமே விஷம் இல்லீங்க" என்றாள் சுனந்தா. "உப்புத் தண்ணில கரண்டு ஓடும். ஓடினா இரும்புக் கம்பி அரிக்கும். அந்தத் துருவைத்தான் உங்க ரத்தம்னு காட்டறாரு. முழு எலையைப் போட்டா கரண்டு ஓடாது, தண்ணி தெளிவா நிக்கும். அதான் டம்ளர்ல எலை, பாக்கெட்ல தூள். என் ஜாடில இரும்புக் கரண்டி போட்டு வெச்சா அதுவும் துருப்பிடிச்சு நாறும். மரக்கரண்டி போடறது அதுக்குத்தான்."

பரசுராமன் அந்தக் கறுப்புப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் பாதி சுரண்டிய ஸ்டிக்கர் ஒன்று. ஒரு நீர்த்துளியின் படம். எங்கேயோ பார்த்த துளி. ஆறு வருஷத்துக்கு முன்னால் கழுத்தில் டை கட்டிய ஒரு பையன் இதே பெட்டியோடு வீட்டுக்கு வந்து, இதே கம்பியை வீட்டுக் குழாய்த் தண்ணீரில் விட்டு, இதே சாக்கடையைக் காட்டி, தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின் ஒன்றை அவர் தலையில் கட்டிவிட்டுப் போனான். பரசுராமன் நிமிர்ந்து சுவாமியின் தாடியை மனசுக்குள் சிரைத்துப் பார்த்தார்.

"தம்பி... நீ பாலாஜி இல்ல?"

மைக் ஆனில் இருந்தது. ஊருக்கே கேட்டது.

உப்பை வென்றவர் ஒரு கணம் பரசுராமனைப் பார்த்தார். "சார், அந்த மிஷின் இன்னும் நல்லா ஓடுதுங்களா?" என்று பழைய பழக்கத்தில் வாய் தவறிக் கேட்டும் விட்டார். அப்புறம் காவியைத் தூக்கிச் சொருகிக்கொண்டு மேடைக்குப் பின்பக்கமாகக் குதித்தார். பின்பக்கம் கிரிவலப் பாதை. பௌர்ணமிக் கூட்டம் நெருக்கியடித்து ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தது. எதிர்த்திசையில் ஓடப் பார்த்தவரை ஜனவெள்ளமே திருப்பிக் கொண்டுவந்து கொட்டகை வாசலில் சேர்த்தது. அங்கே போலீஸ்காரர் ஒருவர் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

சிரிப்பும் கூச்சலும் கொட்டகையைப் பிய்த்தெறிந்தன. பரசுராமனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எல்லம்மாளின் காலடியில் போய் உட்கார்ந்தார். வீங்கிய கணுக்காலை விரலால் தொட்டார். குழி விழுந்தது. தன் கையாலேயே அளந்து அளந்து போட்ட உப்பு அத்தனையும் அங்கே நின்றது. வெட்கத்தைவிட அவருக்குப் பயம்தான் அதிகமாக இருந்தது.

"கரிக்குதுன்னு நீ சொன்னியே எல்லு. நான் கேக்கலியே."

"சரி, எழுந்திருங்க. டாக்டர் ஏழு மணி வரைக்கும் இருப்பாங்க" என்றாள் எல்லம்மாள்.

ஒரு மாதத்தில் வீக்கம் வடிந்தது. பிரஷர் மெல்ல இறங்கியது. கிட்னியை டாக்டர் சந்திரகலா இன்னும் கண்காணித்துக்கொண்டிருக்கிறார். அது உடனே மன்னிக்கிற உறுப்பு இல்லை. பரசுராமன் இப்போது தினமும் காலையில் எல்லம்மாளுக்கான உப்பைச் சின்ன ஸ்பூனால் அளந்து தனிக் கிண்ணத்தில் எடுத்து வைக்கிறார். அளவு ஒரு பரல் கூடினாலும் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுகிறார்.

திருப்பிக் கொடுத்த ஊறுகாய் ஜாடியைக் கேட்டு வாங்கப் போனார் ஒரு நாள். "உங்களுக்கு வேணும்னா கொஞ்சூண்டு தரேன். அக்காவுக்குக் கெடையாது, இதுல உப்பு ஜாஸ்தி" என்று சுனந்தா கையை விரித்துவிட்டாள். உப்பை வைத்துப் பிழைப்பவள் உப்பு வேண்டாம் என்றாள். உப்பை வென்றவர்தான் அதைப் பாக்கெட் போட்டு விற்றார்.

ஊர் திருந்தியதா என்று கேட்கிறீர்களா? "சுவாமி நல்லவருதான், மலைத்தூள்ல வேற எவனோ உப்பைக் கலந்துட்டான்" என்று சொல்கிறவர்கள் இன்னும் நாற்பது பேராவது இருக்கிறார்கள். அடுத்த பௌர்ணமிக்கே அதே இடத்தில் புதுக் கொட்டகை முளைத்தது. இந்த முறை கோமேதகக் கல் ஊறிய தண்ணீர். ஒரு பக்கம் கல் தண்ணீர், மறு பக்கம் வெறும் தண்ணீர். பட்டியல், மடங்குகள், பூஜ்யங்கள் எல்லாம் தயார். கூட்டமும் தயார்.

கூட்டத்தின் முன்னால் பரசுராமன் நின்றார். தோள் பையிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து நீட்டினார்.

"இதுல கொஞ்சம் ஊத்துங்க தம்பி. காய வெச்சுப் பாத்துட்டு வந்து கும்பிடறேன்."

அப்படிப்பட்ட தட்டு எல்லார் வீட்டிலும் இருக்கிறது. வெயிலுக்குத் திருவண்ணாமலையில் என்றைக்குமே குறைச்சல் இல்லை. தலை மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டியது.